மலையில் ஒரு தையல் மெஷின்

(ஏற்காடு மலையில் உள்ள கிளியூரில், தையல் கற்கத் தொடங்கியிருக்கும் பெண்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜாக்கெட்டுக்கு எப்படி அளவெடுப்பது, கழுத்தை எப்படி வெட்டுவது என்று இன்றைக்குச் சொல்லித்தருவார்கள் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதை நான் இன்று தொடப்போவதில்லை. மெஷினைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன். அதை எங்கே வைப்பது, எப்படிப் பூட்டுவது, எந்த எண்ணெய் விடுவது, நூல் எந்த வழியாகப் போகிறது, சிக்கிக்கொண்டால் முதலில் எங்கே பார்ப்பது, இவ்வளவுதான் பேச்சு.

இதற்குக் காரணம் இந்த ஊர். கீழே சமவெளியில் மெஷின் மக்கர் பண்ணினால் இரண்டு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் இருப்பார். இங்கே அப்படி இல்லை. கிளியூரிலிருந்து ஏற்காடு வந்து, பேருந்து பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் போய்ச் சேர வேண்டும். மெஷினின் தலை மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி போகும், பேருந்துக் காசு போகும். அங்கே மெக்கானிக் ஊசியைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு, "அவ்வளவுதாம்மா" என்பார். அவர் சொல்வது உண்மையும்கூட. புதிதாகப் பழகுகிறவர்களின் மெஷினில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டவைதான். உடைந்தது என்று எதுவுமே இருக்காது. மாட்டிய விதம்தான் தப்பாக இருக்கும்.

ஆகவே மலையில் தைக்கிறவர், தன் மெஷினைத் தானே பூட்டிக் கழற்றத் தெரிந்தவராகவும் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. தையலில் பாதி அது. அந்தப் பாதியைச் சொல்லித்தராமல் நேரே வெட்டுக்குப் போய்விடுகிற வகுப்புகள்மேல் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. மூன்று மாதம் பயின்று சான்றிதழோடு வீட்டுக்கு வந்த பெண், முதல் முறை நூல் சிக்கியதும் மெஷினை மூடி வைக்கிறாள். அதன்மேல் துணி மூட்டை ஏறுகிறது, பிறகு பாத்திரம் ஏறுகிறது. மலையிலும் சரி, கீழேயும் சரி, இப்படி மேசையாகிப்போன மெஷின்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் தையல் என்பது என்னவென்று பார்ப்போம். கையால் தைக்கும்போது ஊசி துணியின் மேலிருந்து கீழே போய், மறுபடி கீழிருந்து மேலே வருகிறது. முழு நூலும் ஒவ்வொரு முறையும் துணிக்குள் புகுந்து வெளியேற வேண்டும். மெஷினால் இதைச் செய்ய முடியாது. மெஷினின் ஊசி பாதிதான் இறங்கும், போன வழியே திரும்பி வந்துவிடும். அப்படியானால் நூல் எப்படித் துணியில் தங்குகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் பல ஆண்டுகள் போராடினார்கள்.

பிரான்சில் பார்த்தலெமி திமோனியே என்ற தையற்காரர் 1830இல் ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அது ஒரே நூலில் சங்கிலித் தையல் போட்டது. சங்கிலித் தையலை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அரிசி மூட்டையின் வாயில் இருக்குமே, சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் பிரிந்து வந்துவிடுமே, அதுதான். பாரிசில் அவர் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் பட்டறை வைத்தார். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் உள்ளே புகுந்து மெஷின்களை நொறுக்கினார்கள். அவர்களின் பயத்தை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். புது இயந்திரம் யார் கைக்குப் போகிறது, அதனால் யார் வீட்டு அடுப்பு அணைகிறது என்பது அன்றைக்கும் இன்றைக்கும் நியாயமான கேள்வி.

மூட்டைத் தையல் பிரிந்துவிடுகிறது. உடுத்தும் துணிக்கு அது போதாது. விடை அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவரிடமிருந்து வந்தது. அவர் உடம்பு நோவால் வேலைக்குப் போக முடியாமல் இருந்தபோது, மனைவி பிறருக்குத் துணி தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1845இல் ஹோவின் மெஷின் கையால் தைக்கும் ஐந்து பெண்களோடு போட்டியிட்டு முந்தியது. 1846இல் காப்புரிமை கிடைத்தது. அவருக்கு முன்பே வால்டர் ஹன்ட் என்பவர் இதே வழியைக் கண்டிருந்தும் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். இருவரின் வழியும் ஒன்றுதான். ஊசியின் காதைக் கூர்முனைக்கு அருகில் வைத்துவிட்டு, துணிக்கு அடியில் இரண்டாவதாக ஒரு நூலை வைத்தார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது புரிந்துவிட்டால் மெஷினில் பாதிப் பயம் போய்விடும். ஊசி, மேல் நூலோடு துணியைத் துளைத்து அடிவரை இறங்குகிறது. பிறகு மேலே ஏறத் தொடங்குகிறது. அப்படி ஒரு நூலிழை அளவு ஏறியதுமே, ஊசியின் பின்பக்கம் இருக்கும் நூல் துணியில் பிடிபட்டு நின்று, சின்னதாக ஒரு வளையம் விடுகிறது. அந்த நொடியில், துணிக்கு அடியில் ஆடும் கொக்கியான ஷட்டிலின் கூர்முனை வந்து வளையத்துக்குள் நுழைகிறது. ஷட்டில் அரைவட்டம் ஆடி, அந்த வளையத்தை, அடிநூல் சுற்றிய பாபினைச் சுற்றி எடுத்துப்போய் விடுகிறது. உடனே மேலே நூல் தூக்கும் கொம்பு உயர்ந்து, தளர்ந்த நூலைச் சுண்டி இழுக்கிறது. மேல் நூலும் அடிநூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்கின்றன. இதுவே ஒரு தையல். ஊசி மேலே இருக்கும்போது, துணிக்கு அடியில் உள்ள பல்லு துணியை ஒரு படி தள்ளிவிடும். மறுபடி ஊசி இறங்கும்.

அதனால்தான் ஊசியை மாட்டுவதில் இவ்வளவு கண்டிப்பு. வீட்டு மெஷினின் ஊசித் தலையில் ஒரு பக்கம் தட்டையாகவும், தண்டில் அதற்கு எதிர்ப்பக்கம் நீளமான பள்ளமாகவும் இருக்கும். தட்டைப் பக்கம் ஷட்டிலின் முனையைப் பார்த்து இருக்க வேண்டும். நூல் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து காதுக்குள் போக வேண்டும். திருப்பி மாட்டினால் வளையம் தப்பான பக்கம் விழும், ஷட்டில் வெறுங்கையோடு திரும்பும், மெஷின் ஓடும், தையல் விழாது. சேலம் மெக்கானிக் "அவ்வளவுதாம்மா" என்றது இதைத்தான். ஊசியை முடிந்தவரை மேலே தள்ளி, திருகை இறுக்குங்கள். சாதாரணப் பருத்திக்கு 14ஆம் எண் ஊசி, மெல்லிய துணிக்கு 11, கனத்த துணிக்கு 16. முனை மழுங்கிய ஊசி துணியைக் குத்தும்போது டப் டப் என்று சத்தம் கேட்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒரு ஊசியின் விலை பெரிதல்ல.

இந்தப் பொருளை உலகமெங்கும் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஐசக் சிங்கர். 1851இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. காலால் மிதித்து ஓட்டும் மிதியும், பிறகு தவணையில் பணம் கட்டும் முறையும் அவருடைய கம்பெனியால் பரவின. நம் நாட்டுக்கும் அந்த நூற்றாண்டிலேயே சிங்கர் வந்துவிட்டது. 1930களில் உஷா இங்கேயே தயாராகத் தொடங்கியது. பின்னர் லூதியானாவில் பட்டறை பட்டறையாகக் கறுப்புத் தலைகள் வார்க்கப்பட்டு, இன்றைக்கு உங்கள் முன்னால் இருக்கிற மாதிரி மெஷின்கள் ஊர் ஊராக வந்தன.

இந்தச் சிங்கர் மெஷினைப் பற்றித் தமிழ்நாட்டோடு உறவுள்ள ஒரு பேச்சு நடந்திருக்கிறது. 1924இல் சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியைச் சந்தித்து, "நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா?" என்ற பொருளில் கேட்டார். இல்லை என்று சொன்ன காந்தி, விதிவிலக்காக எடுத்துக்காட்டியது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துக் களைப்பதைக் காணப் பொறுக்காமல் அன்பினால் செய்யப்பட்ட பொருள் அது என்பது காந்தியின் எண்ணம். அந்த மெஷின்களைச் செய்யப் பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று இளைஞர் விடாமல் கேட்டார். வேண்டும்தான், ஆனால் அது அரசின் கையில் இருக்க வேண்டும் என்றார் காந்தி. அந்த நவம்பரில் 'யங் இந்தியா' இதழில் அந்த உரையாடல் அச்சாயிற்று. கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் 1947இல் தம் மனைவி டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

மனைவிக்காகச் செய்த கதை சிங்கரைவிட ஹோவுக்குத்தான் பொருந்தும் என்று வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள். அது இருக்கட்டும். காந்தி அந்த மெஷினில் கண்டது எனக்கு முக்கியம். அது ஒருவர் வீட்டில், ஒருவர் காலால், அவர் சொன்ன வேகத்தில் ஓடுகிறது. அவருடைய கைத்திறனைப் பறிக்காமல் அலுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல், சிக்கினால் வேறொருவரைத் தேடி ஓடினால், அந்தச் சுதந்திரத்தில் பாதி நம் கையில் இல்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். ஸ்டாண்டின் நாலு காலும் தரையில் படிய வேண்டும். நம் வீடுகளில் தரை சமமாக இருக்காது. ஆடுகிற காலுக்கு அடியில் மரச்சில்லு வைத்து நிறுத்துங்கள். ஜன்னல் இடது பக்கம் வருமாறு போடுங்கள், வெளிச்சம் ஊசிமேல் விழும். மூடுபனி இறங்கிய நாளில் பகலிலேயே இருட்டிக்கொள்ளும் ஊர் இது. கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைக்காதீர்கள்.

எண்ணெய் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். கையில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள். மார்கழிக் காலையில் உங்கள் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்திருக்கிறீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், ஏற்காட்டில் பெரும்பாலான நாள் காலைப்பொழுது அதற்குக் கீழேதான். மெஷினுக்குள் உறைந்த எண்ணெய் பஞ்சுத்தூசியைப் பிடித்துப் பிசினாகி, சக்கரத்தையே நிறுத்திவிடும். கடையில் தையல் மெஷின் எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள். தலைமேலும் அடியிலும் இருக்கும் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு, ஷட்டில் ஓடும் தடத்தில் ஒரு சொட்டு போதும். விட்ட பிறகு வெறும் மெஷினைக் கொஞ்சம் மிதித்து, வழிவதைத் துடைத்து, பழந்துணியில் நாலு வரிசை ஓட்டுங்கள். ஏற்கெனவே தேங்காய் எண்ணெய் விட்டு இறுகிப்போன மெஷின் இருந்தால், துளைகளில் மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு ஓட்டி, கறுப்பாக வடிவதைத் துடைத்தபின் மெஷின் எண்ணெய் விடுங்கள், இளகிவிடும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. நம் காற்றில் ஈரம் அதிகம், துரு சீக்கிரம் பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்துவிட்டு மூடி வைப்பதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தோல் பெல்ட்டும் ஈரத்தில் நீண்டு தளர்ந்துபோகும். சக்கரம் வழுக்குகிறதென்றால் பெல்ட்டைக் கொஞ்சம் வெட்டி, கொக்கியை மறுபடி மாட்டினால் முடிந்தது.

கரண்ட் மோட்டார் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், முதல் மாதம் வேண்டாம். மோட்டார் வைத்த பிறகும் தோல் பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். மழையும் காற்றுமான நாட்களில் இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது மிதி. ஊசியில் நூல் கோக்காமல், துணியை அழுத்தும் பாதமான பூட்டைத் தூக்கிவைத்துவிட்டு, மிதிக்க மட்டும் பழகுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்காருங்கள், சக்கரம் துணியைப் பிடித்து இழுத்துவிடும். கைச்சக்கரத்தை வலது கையால் உங்கள் பக்கம் திருப்பித் தொடங்கி வையுங்கள். பாதங்கள் அந்த ஓட்டத்தைத் தொடரட்டும். சக்கரம் எப்போதும் உங்களை நோக்கித்தான் சுற்ற வேண்டும். பின்பக்கம் சுற்றினால் நூல் ஷட்டிலில் சிக்கி அறுந்துபோகும். குதிகாலும் முன்பாதமும் மாறிமாறி, ஆட்டுக்கல் ஆட்டுகிற கை மாதிரி, யோசிக்காமல் தானாக ஓடும்வரை பழக வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்த வர வேண்டும். ஒரே ஒரு தையல் மட்டும் போட வர வேண்டும். அவசரப்பட்டு இதைத் தாண்டுகிறவர்கள், பின்னால் கழுத்து வளைவில் வந்து தடுமாறுகிறார்கள்.

கால் பழகியதும் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நூல் இல்லாமலே கோட்டின் மேல் தையுங்கள். துளைகள் கோட்டில் வரிசையாக விழுகின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசியைப் பார்த்துக்கொண்டு தைத்தால் கோணும். பூட்டுக்கு முன்னால் இருக்கிற கோட்டைப் பார்க்க வேண்டும். கையால் இழுக்கவும் கூடாது, பல்லு தானே தள்ளும். நீங்கள் இழுத்தால் ஊசி வளைந்து இரும்புத் தகட்டில் மோதி ஒடியும். மூலை வந்தால் ஊசியைக் கீழே இறக்கி நிறுத்தி, பூட்டைத் தூக்கி, தாளைத் திருப்பி, பூட்டை இறக்குங்கள். தாளை வெட்டிய கத்திபோல, தாளில் தைத்த ஊசி மழுங்கிவிடும். துணிக்கு வேறு ஊசி போடுங்கள்.

அடுத்தது நூல். புதியவர்களை மிக அதிகம் அழவைக்கும் கோளாறு இங்கேதான் பிறக்கிறது. மேலே பார்த்தால் தையல் சுமாராக இருக்கும், திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் கொத்துக்கொத்தாகக் கூடு கட்டியிருக்கும். எல்லோரும் உடனே பாபினைக் கழற்றுவார்கள், அதன் திருகைத் திருகுவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். தப்பு அங்கே இல்லை. அடியில் தெரியும் கொத்து, மேல் நூல். அதைப் பிடித்து நிறுத்த மேலே டென்ஷன், அதாவது இறுக்கம், இல்லாததால் அது தளர்ந்து கீழே வந்து குவிகிறது. டென்ஷன் தட்டுகள் இரண்டும் பூட்டைத் தூக்கும்போதுதான் விலகி வழிவிடும். பூட்டு இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், நூல் தட்டுகளுக்கு இடையே போகாமல் வெளியிலேயே நின்றுவிடும். எனவே பூட்டைத் தூக்குங்கள், நூல் தூக்கும் கொம்பை உச்சிக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் கண்டிலிருந்து ஊசிவரை ஒரு வழியும் விடாமல் கோத்து வாருங்கள். கோத்த பிறகு நூலைப் பிடித்து இழுத்தால் தளர்வாக வர வேண்டும். பூட்டை இறக்கிவிட்டு இழுத்தால் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு நாளும் தைக்கத் தொடங்காதீர்கள்.

மாறாக, அடிநூல் மேல்பக்கம் புள்ளிபுள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் இறுக்கம் அதிகம். டென்ஷன் திருகைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். மேலே சிவப்பு நூலும் அடியில் வெள்ளை நூலும் போட்டுப் பழகினால் எது எங்கே வருகிறது என்று கண்ணுக்கே தெரியும். பாபினில் நூல் சமமாகச் சுற்றியிருக்க வேண்டும். பாபின் கேஸில் போட்டு நூல்முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால், அது சரிந்து தரைக்குப் போகக்கூடாது. லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். தையல் தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், முதல் தையலில் சிக்காது.

முதல் துணியாகத் தலையணை உறை தையுங்கள். நேர்த்தையல் மட்டும்தான், அளவு தப்பினாலும் பயன்படும். அதற்கடுத்து உள்பாவாடை. அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு தையல் போதும். பருத்தியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கி உங்கள் பெயரைக் கெடுக்கும். பனிக்காலத்தில் காய இரண்டு மூன்று நாள் ஆகலாம், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட்டில் வேலை இருக்கும், மற்ற மாதங்களில் கூலி குறைந்துபோகும். அந்த இடைவெளியில் தையல் கைகொடுக்கும் என்றுதான் உங்களில் பலர் வந்திருக்கிறீர்கள். அரசின் சமூக நலத்துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், வறுமையில் உள்ள பெண்கள் விண்ணப்பிக்கலாம். தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள். பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். அந்த வழியும் உண்டு. வகுப்பு நடத்துகிறவர்களிடமும் மெஷின் கொடுக்கிறவர்களிடமும் நான் ஒன்று கேட்கிறேன். சான்றிதழ் தருவதற்கு முன் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் கையால் ஷட்டிலைக் கழற்றி, தூசி எடுத்து, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டி, ஓட்டிக் காட்டட்டும். அதைச் செய்தவளுக்குக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒரு மீட்டர் காடாத்துணியை நனைத்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். இரண்டு நிற நூல்கண்டும், பழைய பல்தேய்க்கும் பிரஷ் ஒன்றும் வேண்டும், பல்லுக்கடியில் சேரும் பஞ்சைத் தட்ட. ஓடாமல் கிடக்கும் மெஷின் யார் வீட்டிலாவது இருந்தால், வெட்கப்படாமல் அதன் தலையை மட்டும் கழற்றி, இரண்டு பேராகத் தூக்கி வாருங்கள். முதலில் அதைத்தான் திறக்கப்போகிறோம்.